அவர் ஏறினால் எடுக்காத கார்

சாவியைத் திருப்பினேன். முன்னால் இருந்த சிவப்பு விளக்குகள் எல்லாம் எரிந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்து இருக்கையில் என் வீட்டுக்காரர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஆஸ்பத்திரிக் கோப்பு. அதன் மேல் அவருடைய வலது கை, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருள் மாதிரி கிடந்தது. காலை ஒன்பது மணிதான் இருக்கும். அதற்குள் வெயில் கண்ணாடி வழியாகத் தொடையைச் சுட்டது. வெளியே காய்ந்த பருத்திமார்க் குச்சிகளின் வாடை.

மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். நான்காவது முறை திருப்புவதற்குள் அவர் இடது கையால் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

"சாவியக் குடு. நான் வீட்டுக்குள்ள போறேன்" என்றார்.

பக்கவாதம் வந்தபிறகு அவர் பேச்சில் எழுத்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பழகிவிட்டது. கார்ச் சாவியோடு கொக்கியில் மாட்டியிருந்த வீட்டுச் சாவிக்கொத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் இறங்கினார். உதவிக்குப் போனால் பிடிக்காது என்பதால் நான் இருக்கையிலேயே இருந்தேன். கைத்தடி, வேப்பமரம், சுவர், படி என்று ஒவ்வொன்றாகப் பிடித்துப் போய்க் கதவைத் திறந்தார். பிறகு வாசலில் திரும்பி நின்றார்.

"இப்ப எடு."

திருப்பினேன். எடுத்தது. முதல் திருப்பிலேயே, புது வண்டி மாதிரி.

அவர் கோபப்படவில்லை. மீட்டரில் உள்ள எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஆளைப்போல ஒருமுறை தலையை ஆட்டினார். உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டார். அதோடு அவர் கைக்கான சிகிச்சைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அனுமதி

இந்தத் தொடரில் இதுவரை பிரசவம், தடுப்பூசி, நாய்க்கடி, பேன் என்று கிராமச் செவிலியாக நான் பார்த்த வேலைகளைப் பற்றித்தான் எழுதி வந்திருக்கிறேன். ஒரு வாசகி, "எல்லார் வீட்டு ஆம்பிளைகளைப் பற்றியும் எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டுக்காரர் எங்கே?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

அவரிடம் அனுமதி கேட்டேன். யோசித்துவிட்டு, "காரப் பத்தி எழுது. நான் அதுல இருப்பேன்லா" என்றார்.

ஆகவே இந்த வாரம் கார்.

அது சிறிய பெட்ரோல் கார். சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனது. பதினைந்து வருடமாக நான்தான் ஓட்டுகிறேன். எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் பக்கம் போக பஸ், அந்தப் பக்கம் போக பஸ் எல்லாம் உண்டு. ஆனால் பஸ்ஸின் முதல் படி, ஒரு பக்கம் விழுந்துபோன ஆளுக்கு, ஏற முடியாத உயரம்.

லைன்மேன்

என் வீட்டுக்காரர் தங்கராஜ் கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்தவர். ஐப்பசி மழையில் கரிசல் மண் முழங்கால் வரை ஒட்டிக்கொண்டு வரும்போதும் போஸ்ட்டில் ஏறியவர். ஓய்வு பெற்ற மறுவருடம், ஒரு நாள் காலையில் இட்லியைப் பிட்டார். கை வாய்க்குப் போகவில்லை. அவ்வளவுதான். கீழே விழக்கூட இல்லை. கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கால் ஓரளவு திரும்பியது. பேச்சும் வந்தது. கைதான் வரவில்லை. டாக்டர் எங்களுக்குப் புரியும்படி சொன்னார்: கையில் ஒரு கோளாறும் இல்லை, மூளையிலிருந்து போகும் உத்தரவு கைக்குப் போய்ச் சேரவில்லை. முதல் சில மாதம் விடாமல் பயிற்சி கொடுத்தால் சேரும். விட்டுவிட்டால் விரல்கள் உள்பக்கமாக மடங்கி அப்படியே இறுகிவிடும்.

நான் எத்தனையோ வீடுகளில் அப்படி இறுகிப்போன கைகளைப் பார்த்திருக்கிறேன். நகம் உள்ளங்கையில் குத்திப் புண்ணாகும். அந்தப் புண்ணுக்கு மருந்து போடுவதற்குக்கூட விரலை விரிக்க முடியாது. அதனால் வாரம் மூன்று நாள் கோவில்பட்டிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு சின்னப் பெண் பயிற்சி கொடுத்தாள். பெயர் நித்யா. பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருப்பாள். பிடி மட்டும் இடுக்கிப் பிடி.

இந்த நேரத்தில் எங்களைப் பார்க்க அவர் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அடுப்படியில் என்னிடம் மெதுவாக, "இவன் படுத்ததுல இருந்து இந்த வீட்டுல ஒண்ணும் வெளங்கலையே, போர் மோட்டாரும் எரிஞ்சு போச்சாமே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் பக்கவாதம் பிடித்தது கையைத்தான். காதை ஒன்றும் செய்யவில்லை. முன்னறையில் இருந்த அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் கார் முதல் முறையாக நின்றது. கோவில்பட்டியில், பயிற்சி முடிந்து கிளம்பும்போது. டீக்கடையில் நின்றவர்கள் தள்ளிவிட்டார்கள், எடுத்தது. இரண்டாவது முறை எங்கள் வீட்டு வாசலில். பத்துத் தடவை திருப்பியபிறகு எடுத்தது. இப்படியே நான்கு தடவை ஆயிற்று. ஐந்தாவதுதான் நான் முதலில் சொன்னது.

மூன்று கேள்விகள்

கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் காதர் மைதீன் என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார். நாற்பது வயதிருக்கும். பேச்சு குறைவு. முதல் தடவை நின்ற மறுநாளே அவரிடம் தனியாக வண்டியைக் கொண்டுபோனேன். அங்கே திருப்பியவுடன் எடுத்தது. அவர் பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டித் துடைத்தார்.

இரண்டாவது தடவை போனபோது எர்த் வயரை மாற்றினார். மூன்றாவது தடவை செல்ஃப் மோட்டாரையே கழற்றினார். என்ஜினை முதலில் சுற்றிவிடுகிற மோட்டாருக்கு எங்கள் பக்கம் செல்ஃப் என்றுதான் பெயர். உள்ளே தேய்ந்திருந்ததை மாற்றி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் வண்டி அவர் கடையில் சொன்ன பேச்சைக் கேட்டது. அடுத்து நாங்கள் இரண்டு பேரும் கிளம்பும் நாளில் நின்றது.

நான்காவது தடவை அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நர்சக்கா, தப்பா நெனைக்காதீங்க. சாவிய கடைசி வரைக்கும் திருப்புதீங்களா?" என்று கேட்டார்.

இருபத்தெட்டு வருடம் ஊசி போட்டிருக்கிறேன், எது எவ்வளவு போகவேண்டும் என்று என் கைக்குத் தெரியும் என்றேன். அவர் அதை ஏற்றுக்கொண்டார். பிறகு ஒரு காரியம் செய்தார். அது எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த தடவை நிற்கும்போது மூன்று விஷயம் கவனிக்கச் சொன்னார். விளக்கு மங்குகிறதா, 'டிக்' என்று சத்தம் வருகிறதா, இரண்டும் இல்லையா.

"வெளக்கு மங்குனா பேட்டரி. டிக்குன்னு சத்தம் வந்தா செல்ஃபு. ரெண்டும் இல்லன்னா, நீங்க போடுத உத்தரவே அங்கன போய்ச் சேரல."

ஐந்தாவது தடவை நின்றபோது விளக்கு மங்கவில்லை. டிக் சத்தமும் இல்லை. போய்ச் சொன்னேன். காதர் தம்பி தாடையைச் சொறிந்தார். உத்தரவு எந்த இடத்தில் அறுகிறது என்பது, அது அறுகிற நேரத்தில் மீட்டர் வைத்தால்தான் தெரியும் என்றார். வண்டி தன் முன்னால் ஒரு தடவையாவது நின்றால் போதும், அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவேன் என்றார்.

வண்டி அவர் முன்னால் நிற்க மறுத்தது.

புதன்கிழமை மயக்கம்

இதைக் கேட்கும்போது எனக்குச் சீனி நாயக்கர் ஞாபகம் வந்தது.

அவர் ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள காட்டுக் கிராமத்துக்காரர். புதன்கிழமைதோறும் அவருக்குத் தலைசுற்றல் வரும். புதன்கிழமை நான் துணை சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் நாள். மற்ற ஆறு நாளும் அவர் கம்பு விதைப்பார், மாட்டைப் பிடித்துக் கட்டுவார், ஒரு தொந்தரவும் இராது. புதன்கிழமை என் முன்னால் வந்து நாற்காலியில் சரிவார்.

டாக்டரிடம் அனுப்பினேன். வியாழக்கிழமை போனார். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது நான்கைந்து மாதம் நடந்தது. அவருக்கு மனசில்தான் ஏதோ என்று நான் முடிவு கட்டப்போன நேரத்தில், ஒரு நாள் அவரோடு வந்த மருமகள் தற்செயலாகச் சொன்னாள். முதல் தடவை ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தேனாம். அதைப் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வொரு புதன்கிழமையும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், வெயிலில் ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்திருக்கிறார்.

அவருக்கு வந்த நோய் என்னைப் பார்க்க வருவதுதான். கூழ் குடித்துவிட்டு வரச் சொன்னேன். சரியாகிவிட்டது.

அதிலிருந்து வந்து வந்து போகிற நோய்க்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். நோட்டுப் போடுவது. எப்போது வந்தது, எங்கே, அதற்கு முன் என்ன செய்தார், யார் கூட இருந்தார்கள். ஒன்றையும் விடாமல் எழுதினால் நோய் தானாக முகத்தைக் காட்டும். காருக்கும் நோட்டுப் போட்டேன்.

அரிசி மூட்டை

நேரம், வெயில், என்ஜின் சூடா ஆறியதா, பெட்ரோல் எவ்வளவு, வண்டி எங்கே நின்றது, பள்ளமா மேடா. எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டேன். கடைசிக் கட்டத்தில் 'அவர்' என்று எழுதினேன். நடந்துபோன ஐந்தையும் ஞாபகத்திலிருந்து நிரப்பினேன். பிறகு இரண்டு வாரம் தனியாக ஓட்டினேன். சந்தைக்கு, சர்ச்சுக்கு, அவருக்குப் பட்டன் இல்லாமல் எலாஸ்டிக் வைத்த பேன்ட் தைத்து வாங்கப் புதியம்புத்தூருக்கு. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நோட்டைப் பார்த்தேன். வெயிலில் நின்றிருக்கிறது, நிழலிலும் நின்றிருக்கிறது. சூட்டில் நின்றிருக்கிறது, ஆறியும் நின்றிருக்கிறது. எந்தக் கட்டமும் ஒத்துப்போகவில்லை. கடைசிக் கட்டம் மட்டும் ஒத்துப்போனது. அவர் வந்தும் வண்டி நிற்காத நாள்கள் உண்டு. ஆனால் வண்டி நின்ற எல்லா நாளும் அவர் இருந்தார்.

நோட்டைக் காதர் தம்பியிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். இருக்கைக்கு அடியில் ஏதாவது வயர் போய், ஆள் உட்காரும் கனத்தில் நசுங்கலாம், அந்த எடையை வைத்து ஓட்டிப் பாருங்கள் என்றார்.

என் வீட்டுக்காரரின் எடை அறுபத்து மூன்று கிலோ என்று ஆஸ்பத்திரிக் கோப்பில் இருந்தது. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு வைத்தேன். மீதிக்கு உளுந்து. சரிந்து விழாமல் இருக்க பெல்ட் போட்டேன். இரண்டு நாள் அந்த மூட்டையைக் கோவில்பட்டிக்கும் எங்கள் ஊருக்குமாக அழைத்துப் போய் அழைத்து வந்தேன். கோவில்பட்டி டீக்கடைக்காரர், "அண்ணாச்சி வரலியா?" என்று கேட்டபடி குனிந்து பார்த்தார். பெல்ட் போட்டிருந்த மூட்டையைப் பார்த்தார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பதினான்கு தடவை திருப்பினேன். பதினான்கு தடவையும் எடுத்தது.

இதையெல்லாம் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மூட்டையை இறக்கி உள்ளே கொண்டுவந்தபோது, "மூட்டைக்கு எடுக்குது" என்றார். அப்போதுதான் அந்த உறவுக்காரர் அடுப்படியில் சொன்னது தனக்குக் கேட்டது என்பதையும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றும் சொன்னார். அழுது சொல்லியிருந்தால் எனக்குத் தேறுதல் சொல்லத் தெரிந்திருக்கும். லைன் எங்கே அறுந்திருக்கிறது என்று ஆபீசுக்குப் போன் செய்கிற குரலில் சொன்னார்.

ஆட்டோ வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். நித்யாவை வீட்டுக்கு வரச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பிள்ளைக்கு வழியில் ஏதாவது ஆகிவிடும் என்றார். நானே வீட்டில் அவர் விரல்களை விரித்துப் பார்த்தேன். சுண்டுவிரலும் அடுத்த விரலும் முன்பு போல விரியவில்லை.

ஆனாலும் அந்த வாரம் நான் அவரைக் காரில் ஏறச் சொல்லவே இல்லை. சொன்னாலும் வரமாட்டார் என்பதுதான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போற மாதிரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சிலிருந்து வந்து கொஞ்ச நேரம் கழித்து, காதர் தம்பி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அழைக்கவில்லை. பையில் மீட்டரும் டெஸ்ட் லேம்பும் இருந்தன. நேராக என் வீட்டுக்காரரிடம் போனார்.

"அண்ணாச்சி, எனக்கு அந்தக் கோளாறு நேர்ல வேணும். நீங்க ஏறுனாத்தான் அது வரும்னு நோட்டுல இருக்கு. செத்த ஏறி உக்காருங்க."

நான் பயந்துவிட்டேன். இரண்டு மாதமாக இந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாத விஷயம் அது. ஆனால் அவர் காதர் தம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். லைன்மேன் வேலையில் இருந்தவர். கோளாறு இருக்கும்போதுதான் அதைப் பிடிக்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

காரில் உட்கார்ந்தார். நான் சாவியைத் திருப்பினேன். எடுத்தது. நிறுத்திவிட்டு மறுபடி திருப்பினேன். எடுத்தது. ஏழு தடவை. காதர் தம்பி பானெட்டைத் திறந்து வைத்து, மீட்டரோடு குனிந்தபடியே நின்றார். அடுப்பில் அவருக்காக வைத்த டீ பொங்கி வழிகிற வாடை வாசல் வரை வந்தது. உள்ளே போய் அணைத்துவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் முகத்தில் நிம்மதி தெரியும் என்று எதிர்பார்த்தேன். எரிச்சல்தான் தெரிந்தது. தப்பான ரீடிங் வந்த எரிச்சல். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஏட்டி, இது சும்மா உக்காந்து பாக்கது. போற மாதிரி செய்யி" என்றார்.

எனக்குப் புரியவில்லை. காதர் தம்பிக்குப் புரிந்தது. "அண்ணாச்சி சொல்லுதது சரி. கோவில்பட்டிக்குக் கெளம்பும்போது என்னென்ன செய்வீங்களோ, ஒண்ணு விடாம அப்படியே செய்யுங்க."

செய்தோம். நான் சேலை மாற்றினேன். அவருக்கு எலாஸ்டிக் பேன்ட் போட்டுவிட்டேன். தண்ணீர் பாட்டில், துண்டு, கோப்பு. சிலிண்டரை மூடினேன். பின்கதவைப் பூட்டினேன். முன்கதவைப் பூட்டினேன். வீட்டுச் சாவிக்கொத்தைக் கார்ச் சாவியின் வளையத்தில் கொக்கி போட்டு மாட்டினேன். கோவில்பட்டியில் ஒரு தடவை அந்தக் கொத்தை மறந்து வைத்துவிட்டு வந்ததிலிருந்து அப்படித்தான் பழக்கம். இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தோம். வெளியே ஒரு ஆள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்க, எங்கும் போகாத பயணத்துக்குத் தயாரானோம்.

திருப்பினேன். எடுத்தது.

"நிப்பாட்டு. மறுபடி" என்றார்.

எடுத்தது.

"மறுபடி."

மூன்றாவது தடவை ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தது. டிக் சத்தம் இல்லை.

"அக்கா, சாவிய விட்டுராதீங்க, அப்படியே பிடிங்க" என்று பானெட்டுக்குள்ளிருந்து காதர் தம்பி சொன்னார். ஒரு நிமிடம் கழித்து, "செல்ஃபுக்கு வர்ற சின்ன வயர்ல கரண்ட் வரல. உத்தரவு மேலயே நிக்கி" என்றார்.

நான் சாவியைப் பிடித்தபடியே இருந்தேன். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். கைக்குக் கீழே பார்த்தார்.

"சாவி" என்றார்.

மறுபடியும் இறங்கி வீட்டுக்குள் போகப்போகிறார் என்று நினைத்தேன். கொத்தைக் கழற்றி நீட்டினேன். அவர் இடது கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இறங்கவில்லை.

"இப்பத் திருப்பு."

எடுத்தது.

"மாட்டு." மாட்டினேன். எடுக்கவில்லை. "கழத்து." கழற்றினேன். எடுத்தது. பத்துத் தடவை மாட்டியும் பத்துத் தடவை கழற்றியும் பார்க்கச் சொன்னார். கழற்றிய பத்திலும் எடுத்தது. மாட்டிய பத்தில் ஆறு தடவை நின்றது. அவர்தான் எண்ணினார்.

சுவிட்ச்

காதர் தம்பி ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றி, சாவி சுவிட்ச்சை வெளியே எடுத்தார். உள்ளே பித்தளைத் தகடு ஒரு பக்கமாகத் தேய்ந்து கறுத்திருந்தது. சாவியில் கனம் தொங்கினால் சாவி நுழைகிற உருளை லேசாகச் சாய்கிறது, தகடு தகட்டைத் தொடாமல் போகிறது. கனம் இல்லாவிட்டால் தொடுகிறது. அவ்வளவுதான்.

கொத்தை எடைபோட்டுப் பார்க்கவில்லை. முன்கதவுச் சாவி, பின்கதவு, கேட், பீரோ, மோட்டார் அறை, திருப்பூருக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டுக்காரர்களின் சாவிகள் மூன்று, எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியாத சாவிகள் நான்கு.

நான் தனியாகப் போனால் அவர் வீட்டில் இருப்பார். வீட்டைப் பூட்ட வேண்டியதில்லை. கொத்து வீட்டிலேயே இருக்கும். மூட்டையோடு போனபோதும் அப்படித்தான். அவரும் கூட வந்தால்தான் வீடு பூட்டப்படும், கொத்து காருக்கு வரும். அவர் இருந்தால்தான் கார் நிற்கிறது என்று என் நோட்டில் எழுதியது முழுக்கச் சரி. நான் எல்லாவற்றையும் எழுதினேன். என் கையில் இருந்ததை எழுதவில்லை.

"பதினஞ்சு வருசமா இதத் தொங்கவிட்டிருக்கீங்க" என்றார் காதர் தம்பி. குற்றம் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரிடம், "அண்ணாச்சி, நான் நாலு தடவ பாத்தேன். நீங்க உக்காந்த எடத்துலயே பிடிச்சிட்டீங்க" என்றார்.

இவர் அந்தத் தேய்ந்த சுவிட்ச்சைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறிப்போன டீயைக் காதர் தம்பி குடித்துவிட்டுப் போனார். மறுநாள் காலையிலேயே வந்து புது சுவிட்ச் மாட்டினார்.

திங்கட்கிழமை

காதர் தம்பி மாட்டிவிட்டுப் போன கையோடு நாங்கள் கிளம்பினோம். கொத்து என் கைப்பையில் இருந்தது. நித்யா எங்களைப் பார்த்ததும், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், "சுவிட்ச் போயிருந்துது" என்றார். வலது கையை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விட்டுப்போன வாரங்களுக்கு உரிய விலையை அந்தக் கை கொடுத்தது. சுண்டுவிரல் இன்றுவரை முழுதாக விரியவில்லை. மற்ற விரல்கள் வந்தன. டம்ளர் பிடிக்கிறார். பேனா பிடிக்கிறார், கையெழுத்து வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. அந்த உறவுக்காரர் மறுபடி ஒரு தடவை வந்தார். இவர் அவருக்குச் சாவி சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். பேச்சு இன்னும் தெளியாத காலம். வந்தவரால் முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் திங்கட்கிழமை திரும்பி வந்த வழியைப் பற்றி.

எட்டயபுரம் தாண்டியிருந்தோம். இரண்டு பக்கமும் மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியில் கத்தியதால் அவர் குரல் கம்மியிருந்தது.

"ஏட்டி, நீ நம்புனியா?" என்றார்.

எதை என்று நான் கேட்கவில்லை. பொய் சொல்லியிருக்கலாம். வலிக்காது என்று சொல்லி ஆயிரக்கணக்கான பேருக்கு ஊசி போட்டவள் நான்.

"ஒரு வாரம்" என்றேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பாலம் போயிற்று. ஒரு செங்கல் சூளை போயிற்று.

"எந்த வாரம்?"

"மூட்டை வச்சு ஓட்டுன வாரம்."

அதை அவர் யோசித்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு படியாக, போஸ்ட்டில் ஏறுகிற ஆள் மாதிரி யோசித்தார்.

"அது நல்ல டெஸ்ட்டு" என்றார். "அதப் பாத்தா எவனா இருந்தாலும் நம்பத்தான் செய்வான்."

அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். நான் வீடு வரும்வரை அழுதுகொண்டே ஓட்டினேன். நாற்பதைத் தாண்டவில்லை.